ஒட்டுப்போர்வை

நுவரெலியா நகரம் கடல்மட்டத்துக்கு மேலே 6,100 அடிக்கு அதிகமான உயரத்தில் இருக்கின்றது. தை, மாசி மாதங்களில் விடியற்காலையில் அங்கே புல்லின்மேல் உறைபனி படிந்து, சுண்ணாம்பு தெளித்தாற்போலத் தோன்றும். ஹட்டன் அதனிலும் 2,000 அடி தாழ்ந்தது. எனினும் ஆடி மாதத்துத் தென்மேல் காற்றும் மழையும் அங்குள்ள லயங்களின் தகரக் கூரையை நாள் முழுதும் அறைந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட குளிரில், பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட காம்பரா ஒன்றில், சாணம் மெழுகிய தரையில் படுத்த ஒரு குடும்பம் எதனைப் போர்த்துக்கொண்டு உறங்கிற்று?

தேயிலையின் வரலாற்றை எழுதியவர்கள் ஏக்கர்க் கணக்கு எழுதினார்கள். இறாத்தல் கணக்கு எழுதினார்கள். துரைமாரின் பங்களாக்களையும் குதிரைப் பந்தயங்களையும்கூட எழுதினார்கள். போர்வையைப் பற்றி அவர்கள் எழுதியது மிகக் குறைவு. நேயர்களே, இந்தச் சிறிய பொருளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் கம்பளியைச் சொல்லவேண்டும். கருமையும் பழுப்பும் கலந்த முரட்டு ஆட்டுமயிர்த் துணி அது. ‘கம்பலம்’ என்ற வடசொல்லின் வழி வந்த இப்பெயரை ஆங்கிலேயர் ‘கம்ப்ளி’ என்று வழங்கினர். 1886ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹொப்சன் ஜொப்சன்’ என்ற அகராதியிலும் அச்சொல் இடம் பெற்றிருக்கிறது. மைசூர்ப் பகுதியிலும் பல்லாரிப் பக்கத்திலும் ஆடு மேய்க்கின்ற குறும்பர் குலத்தார் இதனை நெய்துவந்தனர். ஆட்டின் மயிரைக் கத்தரித்து, பெண்கள் கையால் நூற்க, ஆண்கள் குழித்தறியில் நெய்வார்கள். பாவு நூல் அறாதிருப்பதற்காகப் புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையை அதற்குப் பூசுவார்கள். புதுக் கம்பளி பலகைபோல விறைத்து நிற்பதற்கு அப்பசையும் ஒரு காரணம். மழைநீர் அதில் உடனே ஊறுவதில்லை, வழிந்தோடும்.

1820களில் கோப்பித் தோட்டங்களுக்காக நம் முன்னோர் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்தனர். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு ஆண்டுகளின் பின் கோப்பியிலைகளில் நோய் கண்டது. கோப்பி அழிந்து தேயிலை பரவியது. புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. பயிர் மாறிற்று, பாதை மாறிற்று, துரைமாரும் மாறினர். கம்பளி மட்டும் மாறவில்லை. தோட்டத்தில் பேர் பதிந்தவர்க்கு அரிசியோடு கம்பளியும் கொடுப்பார்கள். அதன் விலை பற்றுக் கணக்கில் ஏறும். வந்த நாளிலேயே கடன்பட்டவர் பலர். அக்கடனின் ஒரு பகுதியை அவர்கள் முதுகின்மேலே சுமந்து திரிந்தார்கள் எனலாம்.

கொழுந்தெடுக்கும் பெண் கம்பளியின் ஒரு மூலையை உள்ளே மடித்துக் கூம்புபோலாக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்வாள். மீதி முதுகில் தொங்கும். கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே அழுத்துமிடத்தில் அதன் மடிப்பு மெத்தையாக உதவும். இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். ஈரத் தேயிலைச் செடியின் கவ்வாத்துக் குச்சிகள் சேலையைக் கிழிக்காதபடி அது காக்கும். பகலில் மழைக்குக் குடையாயிருந்த அதே கம்பளிதான் இரவில் பிள்ளைகளுக்குப் போர்வை. மாலையில் அடுப்புக்கு மேலே அதனைப் புகையில் காயப்போடுவார்கள். ஆட்டு மயிரும் விறகுப் புகையும் பச்சைக் கொழுந்தும் கலந்த அந்த மணத்தை அறிந்தவர் எவரும் மறக்கமாட்டார். பிற்காலத்தில் பிளாஸ்டிக் தாள் வந்து கம்பளியைத் துரத்திவிட்டது. தாளுக்கு மணமும் இல்லை, சூடும் இல்லை, ஆனால் இலேசானது. சுமக்கின்றவர்களுக்கு அதுவே பெரிது.

நிற்க. கம்பளி தேய்ந்து ஓட்டை விழுந்தபின் என்ன ஆகும்? என் கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஹட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றில் என் பாட்டியார் ஒரு போர்வை வைத்திருந்தார். கிழிந்த கம்பளிகள் இரண்டை அடியிலே விரித்து, அவற்றின்மேல் பழஞ்சேலையைப் பரப்பி, அதன்மேல் பல நிறத் துண்டுகளை ஒட்டித் தைத்த போர்வை அது. லயத்தில் அதற்கு ‘ஒட்டுப்போர்வை’ என்று பெயர். துண்டுகளிற் பாதி மாச்சாக்குத் துணி. கோதுமை மா வந்த வெள்ளைப் பைகளைச் சோடாவில் அவித்து, அச்செழுத்துப் போகுமட்டும் கல்லில் அடித்து வெளுப்பார்கள். எழுத்து முற்றாகப் போவதேயில்லை. எங்கள் போர்வையின் ஒரு மூலையில் ஆங்கில எழுத்துகள் மூன்று மங்கலாகத் தலைகீழாய் நின்றன. நான் முதன்முதல் கற்ற ஆங்கிலம் அதுவே.

நூலுக்கும் அவர் காசு செலவழித்ததில்லை. மாச்சாக்கின் வாயைத் தைத்திருக்கும் நூல் சங்கிலித் தையலானது. சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று ஒரே இழையாகப் பிரிந்து வரும். தவறான முனையைப் பிடித்தால் முடிச்சு விழும். அந்தச் சரியான முனையைக் கண்டுபிடிப்பது எங்கள் சிறுவயது விளையாட்டுகளில் ஒன்று. அந்நூல் தடிப்பமானது; அதை இரண்டு மூன்று புரிகளாகப் பிரித்துச் சுருட்டி வைத்துக்கொள்வார்.

சாயமும் வீட்டிலேயே உண்டானது. தேயிலைத் தூளைக் கொதிக்க வைத்து வெள்ளைத் துணியை அதில் ஊறப்போட்டால் தேன் நிறம் கிடைக்கும். அந்தச் சாயநீரிலே துருப்பிடித்த ஆணிகள் சிலவற்றைப் போட்டு இரண்டு நாள் வைத்தால் துணி கருஞ்சாம்பல் நிறமாகும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருக்கின்றது என்று விஞ்ஞானம் படித்தவர்கள் விளக்குவார்கள். என் பாட்டியார் விஞ்ஞானம் படித்தவரல்லர். தேயிலைக் கறை பட்ட தம் விரல்களையும், கவ்வாத்துக் கத்தி பட்ட இடத்தில் அக்கறை கருமையாவதையும் பார்த்து அறிந்திருக்கலாம்.

இனி, அப்போர்வையின் அமைப்பு. துண்டுகள் சதுரமாகவும் இல்லை, ஒரே அளவாகவும் இல்லை. ஆனால் அவற்றின்மேல் ஓடிய ஓட்டுத்தையல் ஒழுங்கானது. ஒன்றன்கீழ் ஒன்றாக, வளைந்து வளைந்து, இடையிடையே ஒரு விரல் இடம் விட்டு, மேட்டைச் சுற்றி இறங்கும் தேயிலை நிரைகளைப்போல அது சென்றது. இஸ்தோப்பிலிருந்து எதிர்மலையைப் பார்த்தால் தெரியும் காட்சியும் அதுவே. மலையைப் பார்த்துத்தான் தைத்தீர்களா என்று ஒருமுறை கேட்டேன். “குளிருக்குத் தச்சது ராசா. இதுல போயி என்னத்தப் பாக்குற?” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கச் சொன்னார்.

அம்மறுமொழியை நான் முழுதும் நம்பவில்லை. அதற்குக் காரணம் உண்டு. மாரியம்மன் திருவிழாவுக்கு முந்திய நாள், வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாட்டியார் போர்வையைத் துவைத்து இஸ்தோப்புக் கம்பில் காயப்போடுவார். கம்பளிப் பக்கம் உள்ளேயும் வண்ணப் பக்கம் வாசலை நோக்கியும் இருக்கும்படியாக. அவர் மட்டுமல்லர். எங்கள் எட்டுக் காம்பரா லயத்தில் ஐந்து வாசல்களில் அன்று போர்வைகள் தொங்கும். தேர் மேட்டு லயத்திலிருந்து இறங்கி எங்கள் வாசலால்தான் வரவேண்டும். மப்பும் மழையுமான நாளில் துணி எப்படிக் காயும் என்று ஒருவரும் கேட்டதில்லை. வருகின்ற பெண்கள் நின்று, விளிம்பைப் பிடித்துத் திருப்பி, பின்பக்கத்துத் தையலைப் பார்ப்பார்கள். முன்பக்கத்தைப் புகழ்வார்கள், பின்பக்கத்தைப் பற்றி அடுத்த வாசலுக்குப் போய்ப் பேசுவார்கள்! பரிசும் இல்லை, நடுவரும் இல்லை. இருந்தபோதிலும் அதனைக் கண்காட்சி என்றல்லாமல் வேறு என்னென்று சொல்வது?

தைத்த போர்வையைப் பிறர் பார்க்க வைப்பது மேல்நாடுகளில் பழைய வழக்கம். அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் ஊர்ச் சந்தைகளிலும் வேளாண்மைக் காட்சிகளிலும் பூசணிக்காய்க்கும் காளைக்கும் பரிசு கொடுப்பதுபோல ஒட்டுப்போர்வைக்கும் பரிசு கொடுத்தார்கள். அப்படிக் காட்சிக்கு வந்தவற்றுள் ஒன்றின் கதை நாம் அறியத்தக்கது. ஹாரியட் பவர்ஸ் என்ற கறுப்பினப் பெண் 1837இல் ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப்பின் அவர் விவிலியக் கதைகளைப் பதினொரு கட்டங்களில் துணியுருவங்களாக ஒட்டித் தைத்த போர்வை, 1886இல் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திக் காட்சியில் வைக்கப்பட்டது. ஜெனி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதனை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் எவ்விலைக்கும் மறுத்துவிட்டார். சில ஆண்டுகளின் பின் வறுமை வந்தது. பத்து டொலர் கேட்டார். ஐந்து டொலரே கிடைத்தது. கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பொருள் என்று அவர் எடுத்துச் சொல்ல, ஆசிரியை எழுதிவைத்துக்கொண்டார். அதன்பின்னும் பலமுறை அவ்வீட்டுக்குப் போய்த் தம் போர்வையைப் பார்த்துவந்தாராம். இன்று அது வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. பொஸ்டன் நகரத்திலுள்ள அவருடைய மற்றொரு போர்வையில், 1833 நவம்பர் 13ஆம் நாள் இரவில் எரிகற்கள் மழையாய்ச் சொரிந்த நிகழ்ச்சி தைக்கப்பட்டிருக்கிறது. அது அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முந்தியது. மூத்தவர் வாயால் கேட்டதையே அவர் ஊசியால் எழுதினார்.

இன்னுமொன்று. அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர், ஆற்று வளைவொன்றில் ஒதுங்கிக் கிடக்கிறது. முன்னாளில் அது ஒரே துரையின் பருத்தித் தோட்டம். அடிமைகளாயிருந்தோரின் சந்ததியினர் தோட்ட உரிமையாளரின் குடும்பப் பெயரையே தமக்கும் பெயராகக் கொண்டு அங்கேயே வாழ்கின்றனர். அவ்வூரவரான மிசூரி பெட்வே என்பவர், 1942இல் கணவர் இறந்தபின், அவர் வயலில் உடுத்துக் கிழித்த காற்சட்டைகளையும் மேற்சட்டைகளையும் பிரித்து ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த இடத்து வெளிறலும், சட்டைப்பை பிரித்த இடத்து அழுத்தமான நீலமும் அப்படியே தெரிகின்றன. அறுபது ஆண்டுகளின் பின், 2002இல் ஹியூஸ்டன், நியூயோர்க் ஆகிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் சுவரில் தொங்கியபோது, கலைத்திறனாய்வாளர் அவற்றைப் புதுமை ஓவியங்களோடு ஒப்பிட்டு வியந்தார்கள். நான் அவற்றின் படங்களை முதன்முதல் கண்டபோது வியக்கவில்லை. எங்கள் லயத்து வாசல் நினைவுக்கு வந்தது.

நம் பக்கத்திலும் சான்று இல்லாமலில்லை. நாம் ‘கந்தை’ என்கின்ற சொல்லும் வங்காளத்தார் ‘காந்தா’ என்கின்ற போர்வையும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். நமக்கு அது இழிவுப் பொருளிலேயே நின்றுவிட்டது. அவர்களுக்கோ கலையின் பெயராயிற்று. பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்த காந்தாக்களைக் குருசதய் தத்தர் என்ற அரசாங்க அதிகாரி ஊரூராய்த் திரிந்து தேடிச் சேர்த்தார். கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகம் அத்தொகுதிக்குரியது. மானதாசுந்தரி என்ற பெண் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தம் தந்தைக்காகத் தைத்த காந்தா அதிற் சிறந்தது. அதிலே அவர் தம் பெயரையும் தைத்திருக்கிறார். எங்கள் லயத்துப் பெண்கள் பெயர் தைத்ததில்லை. அவர்களிற் பலருக்கு எழுதத் தெரியாது. ஆனால் எந்தப் போர்வை எவருடையது என்று தையலைப் பார்த்தே சொல்வார்கள்.

அவ்வாறு தேடிச் சேர்ப்பவர் ஒருவர் மலைநாட்டுக்கும் வந்திருந்தார் என்பதை நினைக்கும்போது ஒரு சிறு ஏக்கம் உண்டாகிறது. ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக இம்மலைகளில் அலைந்தார். தந்தையார் வழியில் அவர் தமிழர். அவரும் துணைவியார் எதெல் அம்மையாரும் கண்டிநாட்டுக் கைவினைகளைத் தேடித் தேடிப் பதிந்தனர். வெற்றிலைப் பைகளில் சிவப்பும் நீலமுமான நூலால் இட்ட சங்கிலித் தையல்களை அம்மையார் குறித்தார். 1908இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற அவர்களது பெருநூல் 425 பிரதிகளே அச்சானது. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அது அச்சாயிற்று. தேயிலைத் தோட்டங்கள் நடுவே கிடந்த எத்தனையோ பாதைகளால் அவர்கள் நடந்திருப்பார்கள். அந்நூலின் எல்லை வேறு. ஆகவே லயத்தை எட்டிப் பார்க்கவில்லை என்று குறை கூறுவது நீதியாகாது. ஆயினும் எதெல் அம்மையாரைப்போன்ற ஒருவர் ஒரேயொரு திருவிழா நாளில் எங்கள் வாசலில் நின்றிருந்தால், நான் இன்று இவ்வளவு வெறுங்கையோடு பேசவேண்டியிராது.

பின்னர் 1930களின் தொடக்கத்தில் மேரி இரத்தினம் என்ற மருத்துவர் லங்கா மகிளா சமிதியைத் தொடக்கினார். கனடாவிற் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து இந்நாட்டவரானவர் அவர். 1958இல் மகசேசே விருது பெற்றவர். கனடாவில் 1897இல் தோன்றிய மாதர் சங்கங்களே அவருக்கு மாதிரி. தையலும் தோட்டமும் சுகாதாரமும் கிராமப் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டன. ஒட்டுப்போர்வையைக் காட்சிக்கு வைக்கின்ற நாட்டு வழக்கம் ஒன்று இவ்வாறு இந்நாட்டின் வாசல்வரை வந்தது. ஆனால் அது கிராமத்து வாசல். தோட்டத்து வாசல் வேறு. அதைத் திறக்கவும் மூடவும் துரையின் அனுமதி வேண்டும்.

எனவே மலைநாட்டு ஒட்டுப்போர்வைகளில் எஞ்சியவை மிகச் சில. அவை அழிந்ததற்குக் காரணம் அவற்றைப் போர்த்தியதே. கம்பளைக்கு அண்மையிலுள்ள ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007ஆம் ஆண்டு தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று அமைந்தது. பழைய லயமொன்றிலே கருவிகளும் வீட்டுப் பொருள்களும் ஆவணங்களும் பேணப்படுகின்றன. போகின்றவர்கள் பித்தளைப் பாத்திரங்களை மட்டும் பார்த்துத் திரும்பாமல், துணி என்று எது இருந்தாலும் அருகே நின்று பார்க்குமாறு வேண்டுகிறேன். கண்டியிற் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்ற ஹேமா ஷிரோனி இன்று வீட்டையும் இடப்பெயர்வையும் பற்றி ஊசியாலும் நூலாலும் படைக்கிறார். அப்படைப்புகள் நகரத்துக் கலைக்கூடங்களில் தொங்குகின்றன. காலம் சிறிது மாறித்தான் இருக்கின்றது.

என் பாட்டியாரின் போர்வைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பீர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எண்கள் வட்டமானவை, குடும்பங்கள் அப்படியல்ல. எங்கள் வீட்டில் பெரியத்தை குடும்பத்துக்கு இந்தியா என்றும், எங்களுக்கு இலங்கை என்றும் கடிதம் வந்தது. 1974இல் அவர்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்டார்கள். முதல்நாள் இரவு பாட்டியார் போர்வையை மடித்து அத்தையின் மூட்டையில் வைத்தார். அங்கே வெயில் நாடு, இது எதற்கு என்று அத்தை எடுத்து வெளியே வைத்தார். பாட்டியார் மறுபடி வைத்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. விடிய மூன்று மணிக்குப் பார்த்தபோது அது மூட்டைக்குள் இருந்தது. அன்றிரவு வீட்டில் எங்களுக்குப் போர்வை குறைந்தது என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

மண்டபத்திலிருந்து அத்தை குடும்பத்தை அனுப்பிய இடம் நீலகிரி. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காக அங்கே 1968இல் அரசாங்கமே தேயிலைத் தோட்டம் தொடங்கியிருந்தது. கடல் கடந்து போய் அதே குளிருக்கும் அதே கொழுந்துக்கும் வந்து சேர்ந்தார்கள்! போர்வைக்கு வேலை வந்தது.

பாட்டியார் 1981இல் காலமானார். நான் கோத்தகிரிக்குப் போனது அதற்கும் பல ஆண்டுகளின் பின்பு. அத்தை கிழவியாகியிருந்தார். போர்வையைக் கொணர்ந்து விரித்தார். அது பெருத்திருந்தது. நான் அறிந்த துண்டுகள் நடுவே ஒடுங்கி நிற்க, சுற்றிலும் நான்கு பக்கமும் நான் அறியாத துண்டுகள் சேர்ந்திருந்தன. பேத்தியின் பள்ளிச் சீருடைத் துணி. தேர்தல் கொடி ஒன்றின் சிவப்பு. மாமாவின் வேட்டிக் கரை. நடுவிலிருந்து புறப்பட்ட வளைந்த தையல் வரிகளை அத்தை வெட்டாமல், தம் துண்டுகளின்மேலும் அப்படியே நீட்டிச் சென்றிருந்தார்.

பழைய துண்டுகளை விரலால் தொட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இது உங்க தாத்தாவோட சட்டை, இது பிள்ளைக் காம்பராவில் காய்ச்சல் கண்டு போன சின்ன மாமனோட பனியன், இது அம்மாவோட கலியாணச் சேலை. நடுவே, நெஞ்சுக்கு நேரே வரும் இடத்தில், உள்ளங்கையளவு மஞ்சள் துண்டு ஒன்று இருந்தது. மற்றெல்லாவற்றையும்விட நெருக்கமான தையலால் அது தைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் அத்தையின் விரல் நின்றது.

“இது யாரோடதுன்னு அம்மா ஒனக்குச் சொல்லிச்சா?” என்று கேட்டார். “நீ அது பக்கத்துலயே கெடந்த பிள்ள. ஒனக்குத் தெரியுமின்னு நெனச்சேன்.”

எனக்குத் தெரியவில்லை.